தரங்கம்பாடிக்குத் தனியாக

கல்யாணத்துக்கு முன்பு ஆசைப்பட்டு வாங்கிய புல்லட். காஸ் சிலிண்டர், உர மூட்டை, மாமியார் என்று எல்லாமே அதில் ஏறியாகிவிட்டது. நான் ஒருவனாக ஏறி ஊர் சுற்றித்தான் வருஷக்கணக்காகிறது.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஹெல்மெட்டும் புது பூட்ஸும் மாட்டிக்கொண்டு, தரங்கம்பாடி வரை தனியாகப் போய்வரக் கிளம்பினேன். கேட்டைத் திறந்தால் ரோடு முழுக்க நெல். என் மனைவி ஷோபனா விடிவதற்குள் காயப்போட்டிருந்தாள்.

"இன்னிக்குத்தானா?"

"ஈரமா இருக்குன்னு கொள்முதல்ல திருப்பி அனுப்பிட்டாங்கள்ல? ஒரு தடவ கிண்டி விட்டுட்டுப் போங்க. பூட்ஸோட மிதிக்காதீங்க."

கழற்றிவிட்டு, வெறுங்காலால் நெல்லைக் கிண்டிக்கொண்டே நடந்தேன். மகள் குந்தவை வண்டிமேல் ஏறி உட்கார்ந்து வாயாலேயே ஓட்டிக்கொண்டிருந்தாள்.

பாதி கிண்டுவதற்குள் வானம் இருட்டிக்கொண்டு வந்தது. மூன்று பேருமாக அவசர அவசரமாக வாரிக் குவித்தோம். தார்ப்பாய் போதவில்லை. ஷோபனா வண்டியை ஒரு பார்வை பார்த்தாள். நானே போய் வண்டிக்கு வாங்கிய கவரை எடுத்துவந்து குவியல்மேல் விரித்தேன். அதையும் காற்று தூக்கியது. ஒரு மூலையில் ஹெல்மெட்டை வைத்தேன். அடுத்த இரண்டு மூலைகளில் மூலைக்கொரு பூட்ஸ்.

மழை கொட்டியது. வண்டி நனைந்துகொண்டு நின்றது. குவியலையே பார்த்துக்கொண்டிருந்த குந்தவை கேட்டாள்:

"நெல்லு ஊருக்குக் கெளம்பிடுச்சாப்பா?"

"நெல்லாவது போயிட்டு வரட்டும்மா," என்றேன்.