மடித்து வைத்த பாராசூட்

என் கணவர் ரூஃபஸ் ராணுவத்தில் பாராசூட் மடித்துக் கட்டும் வேலையில் இருந்தவர். தானும் குதித்துக் குதித்தே முழங்கால் இரண்டையும் கெடுத்துக்கொண்டார். மாடிப்படி இல்லாத வீட்டுக்குப் போகலாம் என்றால் ஒரே பதில்தான்.

"முன்பணம் இல்லாம வீட்டுக்கடன் ராணுவக்காரனுக்கு ஆயுசுக்கு ஒரு தடவைதான், ஒடெஸா. அதை இந்த வீட்டுக்கே செலவழிச்சாச்சு."

அமெரிக்காவில் ராணுவ முகாமை ஒட்டிய எங்கள் ஃபயெட்வில் ஊர் மதுக்கடைகளில் முன்னாள் சிப்பாய்கள் எல்லாருக்கும் இதுதான் வேதவாக்கு. ஒருத்தராவது விசாரித்திருந்தால்தானே! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ரூஃபஸை வங்கிக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

கடன் பிரிவில் இருந்த யோலாண்டாவும் பாராசூட் படையில் இருந்தவள்.

"வீட்டை வித்து, கடனை அடைச்சிட்டா அந்தச் சலுகையைத் திரும்ப வாங்கிக்கலாம், சார்ஜெண்ட்," என்றாள்.

ரூஃபஸ் நம்பாமல் முறைத்தார்.

"ஒருத்தன் குதிச்சு எறங்கின பாராசூட்டை நீங்க என்ன பண்ணுவீங்க? குப்பையில போடுவீங்களா?"

"பழுது பாத்து மறுபடி மடிச்சு..." என்று ஆரம்பித்தவர் அசடு வழிந்தார்.

திரும்பும்போது காரில் எனக்கே மனம் கேட்கவில்லை. "உனக்கு ரொம்பப் பிடிச்ச வீடாச்சே, விட்டுட்டு வந்துடுவியா?" என்றேன்.

"எனக்கா? வாங்கின அன்னிக்கே பிடிக்கலை. நீ ஆசைப்பட்டியேன்னு வாங்கினேன்."

"அட மனுஷா! உன் முகம் வாடக் கூடாதுன்னுதானே நான் தலையாட்டினேன்!"

அடுத்து வாங்கிய வீட்டில் பிடிக்காததையெல்லாம் இருவரும் வாய் வலிக்கத் திட்டித் தீர்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டோம்.