வெந்நீர் வீணாகப் போகிறது

டோரீன் பஸ்ஸை நிறுத்தி, சிவப்பு விளக்குகளைப் போட்டு, கதவைத் திறந்தாள். அவள் நிறுத்தியது தன் வீட்டு வாசலில்தான். வெளியே இன்னும் விடியவில்லை. ஏரிப் பக்கமிருந்து வந்த காற்று படியேறி உள்ளே நுழைந்து முதல் வரிசைப் பிள்ளைகளின் காலைப் பிடித்தது. வீட்டுக்குள் விளக்கு எரிந்தது. சமையலறை ஜன்னலில் ஒரு நிழல் வந்து நின்று, விலகியது. கதவு திறக்கவில்லை. பஸ்ஸில் பிள்ளைகள் இருக்கும்போது ஓட்டுநர் கீழே இறங்கக் கூடாது என்பது விதி. ஹாரன் அடிப்பது இந்த ஊரில் வழக்கமில்லை. அதனால் அவள் ஸ்டியரிங்கில் கை வைத்தபடி காத்திருந்தாள். சிவப்பு விளக்கைப் பார்த்துப் பின்னால் நின்றுவிட்ட பனி வாரும் வண்டிக்காரனும் பொறுமையாகக் காத்திருந்தான்.

"டோரீன் அக்கா, உங்க பஸ்ஸு உங்க பொண்ணுக்கே பிடிக்கலியா?" கடைசி வரிசையிலிருந்து ஒருவன் கேட்டான். சிரிப்பு எழுந்தது.

"ஜூனி செத்துட்டாளா?" என்று கேட்டாள் முதல் வகுப்பு டெல்லா. அவளுக்கு நிஜமாகவே தெரிய வேண்டியிருந்தது.

"வாய மூடுடி. அவளுக்குக் காய்ச்சலாம்."

"காய்ச்சல்னா ஏன் ஜன்னல்ல நிக்கிறா?"

டோரீன் கதவை மூடினாள். விளக்குகளை அணைத்தாள். கிறிஸ்துமஸ் விடுமுறை முடிந்து பள்ளி திறந்த மறுநாள் தொடங்கி தினமும் காலையில் இதே கதைதான். ஊர்ப் பிள்ளைகளையெல்லாம் வாசல் வாசலாக நின்று ஏற்றிக்கொண்டு போகிறாள். சொந்தப் பெண் மட்டும் ஏற மாட்டேன் என்கிறாள்.

தப்பு தன்னுடையதுதான் என்று டோரீனுக்குத் தெரியும். விடுமுறைக்கு க்ரீன் பே நகரத்தில் இருக்கும் தங்கை வீட்டுக்குக் கிளம்பும்போது, சமையலறைக் குழாயைச் சொட்டுச் சொட்டாக விழும்படி திறந்து வைத்துவிட்டுப் போனாள். ஓடுகிற தண்ணீர் உறையாது என்று இங்கே எல்லோரும் செய்வதுதான். ஆனால் பென்சில் கனத்துக்கு விட வேண்டிய தண்ணீரை அவள் சிக்கனம் பார்த்துச் சொட்டாக விட்டாள். அந்தச் சொட்டுகள் தரைக்கடியில் போகும் கழிவுக் குழாயிலேயே உறைந்து, ஒன்றின்மேல் ஒன்றாகக் கெட்டிப்பட்டு, மேலேறிப் பாத்திரம் கழுவும் தொட்டியை நிரப்பி வழிந்தன. திரும்பி வந்து கதவைத் திறந்தபோது சமையலறைத் தரை முழுக்கப் பனிக்கட்டி. ஜூனி வழுக்கிக்கொண்டே போய் ஃபிரிட்ஜைப் பிடித்து நின்றாள். தண்ணீர் வரும் குழாயும் வெடித்திருந்தது. குழாய்க்காரர் குனிந்து கீழே எட்டிப் பார்த்துவிட்டு, "மண்ணு இளகட்டும், ஏப்ரல்ல வரேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து பஸ் ஷெட்டிலிருந்து கேன்களில் வரும் தண்ணீர்தான். அது குடிக்கவும் சமைக்கவும் சரியாக இருந்தது. அடுப்பில் பனியை உருக்கி ஜூனி ஒருமுறை தலைக்கு ஊற்றிப் பார்த்தாள். அண்டா நிறைய அள்ளி வைத்த பனி உருகியதும் அடியில் ஒரு கிண்ணம்தான் மிஞ்சியது.

உறைந்த தரையை உலர்த்த டோரீன் மண்ணெண்ணெய் அடுப்பு ஒன்றையும் கொண்டுவந்து வைத்தாள். அந்த வாசனை துணியில், தலையணையில், முடியில் எல்லாம் ஏறிக்கொண்டது. பள்ளி திறந்த அன்று வராந்தாவில் ப்ரிட்டா என்ற பெண், "லீவு பூரா மீனுக்குப் புகை போட்டுட்டிருந்தியா, ஜூனி?" என்று கேட்டிருக்கிறாள். அதில் கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை. அவள் அப்பாவே மீனைப் புகையில் வாட்டிப் பதப்படுத்தி விற்கிறவர்தான். எல்லோரும் சிரித்தார்கள், ஜூனியும் சிரித்தாள். மாலையில் வீட்டுக்கு வந்து, கோட்டைக் கழற்றித் தாழ்வாரத்தில் எறிந்துவிட்டு, "இனிமே நான் போகமாட்டேன்" என்றாள். அழக்கூட இல்லை. அதுதான் டோரீனைப் பயமுறுத்தியது. பதினாலு வயதில் படிப்பை விட்டவர்களை அவளுக்குத் தெரியும். யாரும் ஒரே நாளில் விட்டுவிடவில்லை. ஒருநாள் போகவில்லை, பிறகு இன்னொரு நாள், பிறகு திரும்பிப் போவது வெட்கமாகிவிட்டது. அவ்வளவுதான்.

பக்கத்து வீட்டு ஐலி சனிக்கிழமை தோறும் போன் செய்வாள். "சவுனா அடுப்பு மூட்டியாச்சு டோரீன். நான் ஒருத்திதான் இருக்கேன், சூடு வீணாப் போகுது." கருங்கல்லில் தண்ணீர் ஊற்றி ஆவியில் உட்கார்ந்து குளிக்கும் அந்த மரக்குடில் இந்த ஊரில் வீட்டுக்கு வீடு உண்டு. டோரீன் வீட்டிலும் இருந்தது. கணவன் விட்டுப் போனபோது அதன் அடுப்பைக் கழற்றி எடுத்துக்கொண்டு போய்விட்டான். இப்போது அதில் பழைய டயர்கள் கிடக்கின்றன. ஒருவர் வீட்டுச் சவுனாவுக்குப் போனால் அடுத்த வாரம் நாம் மூட்டி அவர்களைக் கூப்பிட வேண்டும். திருப்பிக் கூப்பிட முடியாதவள் எத்தனை சனிக்கிழமை போய் உட்கார முடியும்? "நாங்க இப்பதான் குளிச்சோம் ஐலி அக்கா" என்று சொல்லிப் போனை வைத்துவிடுவாள். குழாய் வெடித்த பிறகும் அதையேதான் சொன்னாள். கேட்டுக்கொண்டிருந்த ஜூனி எழுந்து அந்தப் பக்கம் போய்விட்டாள்.

வெள்ளிக்கிழமை பிள்ளைகளை இறக்கிவிட்டதும் எல்லிசன் பஸ் அருகே வந்தார். குடும்பங்களின் நலன் பார்க்கப் பள்ளி வைத்திருக்கிற ஆள் அவர். தெற்கே பெரிய நகரத்திலிருந்து வந்து இரண்டாவது குளிர்காலம். இன்னும் காதை மூடும் தொப்பி போடப் பழகவில்லை, காது சிவந்திருந்தது. வீட்டுக்கு வீடு போனில் ஒலிக்கும் வாரச் செய்தியை ஞாயிற்றுக்கிழமை மாலையில் சொல்வதும் அவர் குரல்தான்.

"ஜூனி எப்படி இருக்கா?"

"காய்ச்சல்."

"இன்னுமா?"

"இந்த வருஷக் காய்ச்சல் ஒரு மாதிரி, சார்."

அவர் தலையாட்டினார். "அடுத்த வாரமும் வரலன்னா நான் மாவட்ட ஆபீசுக்கு எழுதணும், டோரீன். எழுத எனக்குப் பிடிக்கல. ஆனா எழுதித்தான் ஆகணும்."

டோரீன் கையுறையால் பக்கக் கண்ணாடியைத் துடைத்தாள். அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

"இன்னொண்ணு கேக்கணும்" என்றார் அவர். "போன வாரச் செய்தியில சொன்னேனே, வீட்ல தண்ணி உறைஞ்சு போனவங்க காலையில ஆறு மணிக்குப் பள்ளி ஜிம் பின்வாசல் வழியா வந்து குளிக்கலாம், துணி தோய்க்கலாம்னு. குழாய்க்காரரு நிறைய வீடுங்கறாரு. துண்டு, சோப்பெல்லாம் வாங்கி வச்சுக்கிட்டு தினமும் நிக்கிறேன். ஒரு ஈ, காக்கா வரல. பின்வாசல் பனியில என் பூட்ஸ் தடம் மட்டும்தான் இருக்கு. நான் என்ன தப்பா சொல்லிட்டேன்?"

அவர் நிஜமாகவே வருத்தப்படுவதைப் பார்த்து டோரீனுக்குச் சிரிப்பும் பாவமுமாக வந்தது. "ஊரே கேக்க, தண்ணி இல்லாதவங்கள்லாம் வாங்கன்னு கூப்பிட்டா யாரு சார் வருவா? வாசல்ல வண்டியப் பார்த்தாலே தெரிஞ்சுடாதா?"

"பின்ன எப்படிக் கூப்பிடறது?"

"இங்க யாரையும் குளிக்க வான்னு கூப்பிட மாட்டாங்க. அடுப்பு மூட்டியாச்சு, சூடு வீணாப் போகுதும்பாங்க. அப்புறம் போறவங்க என்னமோ ஒத்தாசைக்குப் போற மாதிரி போவாங்க."

எல்லிசன் அதை மனதுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்ப்பது உதட்டில் தெரிந்தது. பிறகு அவளை நேராகப் பார்த்தார். "டோரீன், பாய்லர் மூட்டித்தான் வச்சிருக்கோம். வெந்நீர் வீணாப் போகுது."

அவள் முகம் சூடானது. அந்தக் குளிரில் அது நன்றாகவே தெரிந்திருக்கும். "நல்ல ஆளு சார் நீங்க" என்று சொல்லிக்கொண்டே ஏறிக் கதவை மூடினாள்.

ஞாயிற்றுக்கிழமை மாலை போன் அடித்தது. டோரீன் அதை மேஜைமேல் வைத்து எல்லோருக்கும் கேட்கும்படி அழுத்தினாள். எல்லோரும் என்றால் அவளும் ஜூனியும்தான். எல்லிசன் ஆரம்பித்தார். மலைப் பாதையில் பனி வாரும் வேலை நடப்பதால் இரண்டாம் நம்பர் பஸ் தாமதமாக வரும். புதன்கிழமை மதிய உணவுக்கு இறைச்சியும் கிழங்கும் அடைத்த பேஸ்டி. ஒற்றைக் கையுறைகள் ஒரு பெட்டி நிறையச் சேர்ந்துவிட்டன, வந்து ஜோடி பார்த்து எடுத்துக்கொள்ளவும். ஹாக்கி ஆட்டம் தள்ளி வைக்கப்பட்டது. பிறகு ஒரு சிறு இடைவெளி, தொண்டையைச் சரிசெய்யும் சத்தம். "அப்புறம், ஜிம்முல பாய்லர அதிகாலையிலயே மூட்டிடறோம். யாரும் இல்ல. வெந்நீர் வீணாப் போகுது."

கட்டிலில் குப்புறப் படுத்திருந்த ஜூனி தலையைத் தூக்கினாள். "இது என்ன, ஐலி பெரியம்மா மாதிரி பேசறாரு?"

"ம்."

"நம்மளத்தான் சொல்றாரா?"

"ஊருக்கே சொல்றாரு."

"நீ போவியா?"

போகச் சொல்லத்தான் டோரீன் வாயெடுத்தாள். ஆனால் அவள் கேட்டது டோரீன் போவாளா என்று. ஐலியின் போனுக்குத் தான் சொல்லிவந்த பதிலையெல்லாம் இவள் இத்தனை நாளாகக் கேட்டுக்கொண்டுதானே இருந்தாள். "போறேன்" என்றாள்.

"உனக்கெதுக்கு? நீதான் பஸ் ஷெட்டுல கழுவிக்கிறியே."

"அங்க சட்டைக்கு வெளிய தெரியறத மட்டும்தான் கழுவ முடியும். மத்ததெல்லாம் கிறிஸ்துமஸ்ல இருந்து அப்படியே இருக்கு."

"அய்யே, அம்மா!" ஜூனி தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். தோள் குலுங்கியது. சிரிப்பாகத்தான் இருக்க வேண்டும்.

மறுநாள் விடிவதற்கு முன்னால் டோரீன் தன் காரைக் கிளப்பப் போனபோது ஜூனி ஏற்கெனவே முன் இருக்கையில் உட்கார்ந்திருந்தாள். தொப்பியை மூக்குவரை இழுத்துவிட்டு, மடியில் ஒரு பையை இறுக்கிப் பிடித்திருந்தாள். ஜிம்மின் பின்வாசலில் புதுப் பனி விழுந்திருந்தது. அதில் எல்லிசனின் பெரிய தடம் போய்த் திரும்பியிருந்தது. அதன் பக்கத்திலேயே சின்னத் தடம் ஒன்று உள்ளே போயிருந்தது, வெளியே வரவில்லை. ஜூனி அங்கேயே நின்றுவிட்டாள்.

"உள்ள யாரோ இருக்காங்க."

"இருக்கட்டுமே."

"யாருன்னு தெரியாம நான் வரமாட்டேன்."

டோரீனுக்கும் திரும்பிவிடலாம் என்றுதான் இருந்தது. ஆனாலும் அவளே கதவைத் தள்ளினாள். ஆவி முகத்தில் அடித்தது. தலை நிறையச் சோப்பு நுரையும், உடம்பைச் சுற்றிப் பள்ளித் துண்டுமாக ஒரு பெண்மணி கண்ணை இடுக்கிக்கொண்டு நின்றாள்.

"கதவச் சாத்துங்க! சூடெல்லாம் போகுது."

கணக்கு டீச்சர் ரின்னே; பிள்ளைகளைக் குடும்பப் பெயரால் கூப்பிடுகிறவள். ஜூனியின் வாயிலிருந்து 'ஹப்' என்று ஒரு சத்தம் வந்தது.

"யாரு, கங்காஸா? கண்ல சோப்பு, ஒண்ணும் தெரியல. உள்ள வா." டீச்சர் சுவரைத் தடவிக்கொண்டே மறுபடி குழாயடிக்குப் போனாள். தண்ணீர்ச் சத்தத்துக்கு மேல் குரல் வந்தது. "என் வீட்டுல வெடிச்சுடுச்சு, டோரீன். சொட்டுச் சொட்டா விட்டு வச்சேன். இத்தனை வருஷமா கணக்கு சொல்லிக் குடுக்கறேன், ஒரு குழாய எவ்வளவு தொறக்கணும்னு கணக்குத் தெரியல. வீட்டுக்காரரு அத ஊரெல்லாம் சொல்லிச் சிரிக்கறாரு."

டோரீன் பெஞ்சில் உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றத் தொடங்கினாள். சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. "டீச்சர், நானும் அதேதான்" என்றாள். இத்தனை நாளில் அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. ஜூனி கதவோரம் நின்றபடி இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, மெல்லக் கோட்டின் பொத்தானைக் கழற்றினாள். டோரீனும் குளிக்கத் தொடங்கிய பிறகு தடுப்புக்குப் பின்னால் மூன்றாவது குழாய் திறக்கும் சத்தம் கேட்டது. அது நீண்ட நேரம் ஓடியது. யாரும் அவளை அவசரப்படுத்தவில்லை.

"கங்காஸ்" என்றாள் டீச்சர், துண்டால் தலையைத் துவட்டியபடி. "என் வகுப்பறை திறந்துதான் இருக்கும். காபி போடறேன். பின்னக் கணக்கு வரைக்கும் வந்தாச்சு, உனக்குத்தான் தெரியாது."

மூன்றாவது குழாய் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

டோரீனுக்கு நேரமாகிவிட்டது. ஈரத் தலையோடு ஓடி, ஜிம்முக்குப் பின்னாலிருந்த ஷெட்டில் பஸ்ஸைக் கிளப்பினாள். எஞ்சின் சூடேறுவதற்குள் பின்வாசல் திறந்தது. ஜூனி வெளியே வந்தாள். கோட்டின் பொத்தான் போடவில்லை. தொப்பி கையில் இருந்தது. உடம்பிலிருந்து ஆவி கிளம்பி, வாசல் விளக்கின் மஞ்சள் வெளிச்சத்தில் அவளைச் சுற்றிச் சுழன்றது. முன்பக்கம் ரின்னே டீச்சரின் வகுப்பறையில் விளக்கு எரிந்தது. இந்தப் பக்கம் பஸ் கதவு திறந்திருந்தது, ஏறி உட்கார்ந்தால் ஊரைச் சுற்றிவிட்டு அப்படியே வீட்டிலேயே இறங்கிக்கொள்ளலாம். இரண்டுக்கும் நடுவில் ஜூனி நின்றாள். அப்படி நின்ற நேரத்துக்குள் அவளுடைய ஈர முடி உறைந்து, குச்சி குச்சியாக விறைத்து நின்றது. அவள் மெல்லத் தலையை இடதும் வலதுமாக ஆட்டிப் பார்த்தாள். முடிக் குச்சிகள் ஒன்றோடொன்று மோதிக் கலகலத்தன. எஞ்சின் சத்தத்தில் டோரீனுக்கு அது கேட்கவில்லை. மகள் நின்று, காதைச் சாய்த்துக் கேட்டு, மறுபடியும் ஒருமுறை தலையை ஆட்டியதை மட்டும் பார்த்தாள்.