தாளுக்கு மேலே போன டிசம்பர்

ஜோசஃபின் டீச்சர் கோலாலம்பூரில், பிரிக்பீல்ட்ஸ் பக்கம் ஒரு பெண்கள் பள்ளியில் பூகோளம் சொல்லிக்கொடுத்துவந்தாள். 1926 கடைசியில் வந்த வெள்ளத்தில் அவள் கணவன் கிரிகரி போய்விட்டான். ரயில்வே பட்டறைக்காரன். பாலத்தருகே சிக்கியவர்களை இழுக்கக் கயிற்றோடு இறங்கியவன் கரையேறவில்லை. துக்கம் கேட்க வந்தவர்களிடம்கூட அவள் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை.

மறு ஆண்டு, ஊரில் 1926-இல் மாதாமாதம் பெய்த மழையை வகுப்புக்கு வரைந்து காட்ட வேண்டியிருந்தது. ஆசிரியர் அறையில் கட்டம் போட்ட பெரிய தாளை விரித்தாள். வெப்பத்துக்குக் கோடு போதும். அது மாதத்துக்கு மாதம் மெல்ல ஏறி இறங்குவது. மழைக்குப் பட்டைதான் சரி. அந்தந்த மாதம் பெய்தது தனித்தனியாக நிற்க வேண்டும். ஜனவரியிலிருந்து நீல மையில் பட்டைகளை எழுப்பிக்கொண்டே வந்தாள். டிசம்பர் கணக்கைப் பார்க்க மனம் வராமல் மற்ற மாதங்களை வைத்தே அளவு குறித்திருந்ததால், கடைசிப் பட்டைக்குத் தாள் போதவில்லை.

கூட வேலை பார்த்த மகதலேனா எட்டிப் பார்த்தாள். "பட்டைய நடுவுல வெட்டின மாதிரி குறி போட்டு, மேல நம்பர எழுதிடு லா. இல்லாட்டி அளவச் சுருக்கு."

சுருக்கினால் மற்ற மாதங்களின் வித்தியாசம் மங்கிப்போகும். வெட்டவோ கை வரவில்லை.

"பெஞ்சது பெஞ்சதுதான், மகதலேனா. பிள்ளைங்க முழுசாப் பாக்கட்டும்."

மேலே இன்னொரு தாளை ஒட்டி, டிசம்பரை அதன் முழு உயரத்துக்கும் ஏற்றினாள். ஓரத்தில் மை பரவியது. அப்படியே விட்டுவிட்டாள்.

மறுநாள் படத்தை வகுப்பில் மாட்டினாள். முன்வரிசைப் புஷ்பவல்லி எழுந்தாள்.

"டீச்சர், இந்த மழையிலதான் எங்க வீடு போச்சு. மாட்ட அவுத்து விட்டுட்டு ஓடினோம்."

"நாங்க சர்ச்சுல படுத்திருந்தோம்" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

ஜோசஃபின் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"என் வீட்டுக்காரரு இந்த மழையிலதான் போனாரு."

சொல்லிவிட்டாள். பிறகு பாலத்தையும் கயிற்றையும் பற்றித் தயங்கித் தயங்கிச் சொன்னாள். முடித்தபின் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சரி, தாள எடுங்க" என்றாள்.

பிள்ளைகள் குனிந்து வரையத் தொடங்கினார்கள். டிசம்பர் பட்டைக்கு வந்தபோது புஷ்பவல்லி இன்னொரு தாளையும் பசைக் கிண்ணத்தையும் கேட்டு வாங்கினாள். கிண்ணம் பெஞ்சு பெஞ்சாகக் கை மாறிப் போயிற்று.