மேகத்துக்குக் கீழே ஓர் ஆள் வேண்டும்

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்த விதத்தைச் சொல்லவே கூச்சமாக இருக்கிறது. கைபேசியில் ஒரு வீடியோ வந்தது. கிருஷ்ணகிரிப் பக்கத்து மாந்தோப்பு. பின்னால் வானத்தையே அடைத்துக்கொண்டு கன்னங்கரேலென்று ஒரு மேகம். முன்னால், மரத்தின் உச்சிக் கிளையில் நின்று காய் பறிக்கும் ஒரு மனிதர், எறும்பு அளவுக்கு. கூடவே உருக்கமான இசை. அடேயப்பா என்று வாய்விட்டே சொன்னேன். இதயக்குறி போட்டேன். தெரிந்த நாலு பேருக்கு அனுப்பியும் வைத்தேன்.

பிறகுதான் கீழே யாரோ எழுதியிருந்ததைப் படித்தேன். "மரத்துல இருக்கறது எங்க சித்தப்பா. காத்துல விழுந்து இடுப்பு ஒடஞ்சி படுத்துக் கெடக்கறாரு. நல்லா எடுத்திருக்கீங்க சார்."

அந்தக் கடைசி வரி கிண்டலா, மெய்யான பாராட்டா என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. போட்ட இதயத்தை எடுத்துவிட்டேன். எடுத்தால் தீர்ந்துவிடுமா? உட்கார்ந்து எழுத ஆரம்பித்தேன். வீடியோ எடுத்தவர் யாரென்று எனக்குத் தெரியாது. ஆகவே இனி வருவதெல்லாம் கற்பனை. [இப்படி ஒரு வரி போட்டுவிட்டால் தப்பித்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறேன் பாருங்கள். எழுதுகிறவன் புத்தி.]

2

முதல் தொடக்கம்: 'வானம் கறுத்தது. யாரோ ஒரு தெய்வத்தின் கோபம்—' சே, வேண்டாம். தெய்வத்தின் மேல் பழியைப் போடுவதற்கா இத்தனை பாடு?

இரண்டாம் தொடக்கம்: 'சுபாஷுக்குச் சின்ன வயதிலிருந்தே மழை என்றால் உயிர். அருப்புக்கோட்டைப் பக்கத்துக் கரிசல் காட்டில், வருஷம் முழுக்க வானத்தை அண்ணாந்து பார்த்தே வளர்ந்த அவன்—'

இதையும் அடித்துவிட்டேன். இதைப் படித்தால் உங்களுக்கு அவன்மேல் இரக்கம் வந்துவிடும். இரக்கம் முதலில் வந்துவிட்டால் பின்னால் அவன் எதைச் செய்தாலும் 'ஐயோ பாவம்' என்பீர்கள். அடித்த வரியையும் படித்துத் தொலைத்துவிட்டீர்கள், என்ன செய்ய.

மூன்றாவது, சுற்றி வளைக்காமல்: சுபாஷ் ஓசூர் சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையில் மெஷின் ஆபரேட்டர். வார விடுமுறையில் மேகம் துரத்துவான். துரத்துவது என்றால், ரேடார் படத்தில் எங்கே மஞ்சள் சிவப்பாகிறது, அது எந்தப் பக்கம் நகர்கிறது என்று கணக்குப் போட்டு, பைக்கை எடுத்துக்கொண்டு அதற்கு முன்னால் போய் நிற்பது. சூறைக்காற்று, இடி, ஆலங்கட்டி எல்லாம் கோடையில்தான் வரும். கோடையில் அவனை வீட்டில் பிடிக்க முடியாது. ஒருமுறை கெலவரப்பள்ளி அணைக்கரையில் அவனுக்குப் பக்கத்திலேயே இடி இறங்கியது. மறுநாள் முழுக்கக் காது கேட்காமல் லைனில் நின்று வேலை பார்த்தான். அதைப் பெருமையாகத்தான் எல்லாரிடமும் சொல்வான்.

"மழ வந்தா ஊருல எல்லாரும் வீட்டுக்கு ஓடி வருவாங்க. நீங்க மட்டும்தான் வீட்ட விட்டு ஓடுறீங்க" என்பாள் அவன் மனைவி லாவண்யா.

எடுத்ததையெல்லாம் தன் சானலில் போடுவான். எங்கே மழை, எப்போது காற்று என்றும் சொல்வான். அதில் பல தடவை அவன் சொன்னது சொன்னபடி நடந்தது. மாந்தோப்புக்காரர்கள் அவனுக்கு 'வெதர் தம்பி' என்று பேர் வைத்துவிட்டார்கள். அவன் தப்பாகவே சொல்லிக்கொண்டிருந்திருந்தால் இந்தக் கதைக்கு வேலையே இருந்திருக்காது.

3

நாகரசம்பட்டியில் சாந்தம்மா ஒரு மாந்தோப்பைக் குத்தகைக்கு எடுத்திருந்தாள். மரம் பூக்கும்போதே விலை பேசி முடித்துவிடுகிற குத்தகை. அதற்குப் பிறகு காய்த்தாலும் அவள் பாடு, கொட்டினாலும் அவள் பாடு. மரமெல்லாம் பெங்களூரா, மாங்கூழ் ஆலைக்குப் போகிற ரகம். கீழே விழுந்து அடிபட்ட காயை ஆலையில் வாங்க மாட்டார்கள். காற்று வந்தால், கூடைக்குள் இருப்பது மட்டும்தான் காய்.

தோப்பு வேலையில் ஒரு வழக்கம் உண்டு. மரத்தில் ஏறினவர் குத்தகைக்காரர் 'இறங்கு' என்று சொல்லாமல் இறங்க மாட்டார். தானாக இறங்கினால் வேலைக்கு வளையாத ஆள் என்று பேர் வரும். அடுத்த தோப்புக்குக் கூப்பிட மாட்டார்கள். ஆக, எப்போது இறங்குவது என்பது அன்றைக்கு மரமேறிய கரியப்பன் கையில் இல்லை, சாந்தம்மா கையில் இருந்தது. அவள் அதைக் கொண்டுபோய் சுபாஷ் கையில் கொடுத்தாள். [நான் சாந்தம்மாவை முதலில் பேராசைக்காரியாகத்தான் எழுதினேன். வசதியாக இருந்தது. கதையில் ஒரு பேராசைக்காரி கிடைத்துவிட்டால் மற்றவர்கள் எல்லாரும் நல்லவர்கள் ஆகிவிடலாம்.]

அன்றைக்கு சுபாஷ் தோப்பின் ஓரத்தில் ஸ்டாண்டை நட்டுக் கேமராவை மேற்கே திருப்பி வைத்திருந்தான். காலையில் சானலில் அவன் சொன்னதைவிட மேகம் வேகமாக வந்துகொண்டிருந்தது. ரேடாரில் அது தெரிந்தது. ரேடார் எதற்கு, கண்ணுக்கே தெரிந்தது. தொலைவில் புழுதி கிளம்பிவிட்டது. தென்னைகள் ஒரே பக்கமாகச் சாய்ந்தன. மழைக்கு முன்னால் காற்று வரும், அதுதான் ஆபத்து என்று அவனே ஒரு வீடியோவில் விளக்கிச் சொல்லியிருக்கிறான்.

கரியப்பன் தோப்பிலேயே உயரமான மரத்தின் உச்சியில் இருந்தார். மற்றவர்கள் கீழே கூடை கட்டிக்கொண்டிருந்தார்கள்.

"தம்பி, இருட்டிக்கினு வருதே. ஆள எறக்கிடட்டுமா?" என்று கேட்டாள் சாந்தம்மா.

இங்கேதான் நான் பல நாள் நின்றுவிட்டேன். சுபாஷ் என்ன சொன்னான்?

ஒரு பிரதியில், 'தெரியலக்கா' என்றான். அது ரொம்ப மரியாதையான பதில். இன்னொன்றில், கேமராவில் மூழ்கியிருந்ததால் அவள் கேட்டது அவன் காதில் விழவே—

இல்லை. விழுந்தது. நன்றாகவே விழுந்தது.

அவனுக்கு ஒரு மனக்குறை இருந்தது. அவன் எடுத்த மேகங்களைப் பார்த்துவிட்டு, 'இதென்ன பிரமாதம், எங்க ஊர்லயும்தான் மேகம் இருக்கு' என்று ஆட்கள் எழுதுவார்கள். வெறும் மேகத்துக்கு அளவு தெரியாது. அதற்குக் கீழே ஓர் ஆள் வேண்டும். அன்றைக்குத்தான் ஆள் கிடைத்தார். மேகத்தின் கறுப்பு விளிம்பு அப்படியே உருண்டு கரியப்பன் தலைக்குப் பின்னால் வந்துகொண்டிருந்தது. இன்னும் கொஞ்சம் வந்தால் போதும்.

"இன்னும் டைம் இருக்குக்கா. இந்த மரத்த முடிச்சிரலாம்."

சாந்தம்மாவின் முகம் தெளிந்தது. மேலே பார்த்துக் கத்தினாள். "கரியப்பா, டைம் இருக்குதுன்னு தம்பி சொல்லுது. அந்த மரத்த முடிச்சிட்டே எறங்கு!"

"சரிக்கா" என்று மேலிருந்து குரல் வந்தது.

கரியப்பன் விழுந்ததை நான் எழுதினேன். காற்று, ஒடிந்த கிளை, சடசடவென்று கொட்டிய காய்கள் எல்லாம் இருந்தன. நன்றாக வந்திருந்தது. அதனாலேயே அதைக் கிழித்துப் போட்டேன்.

4

சுபாஷ் ஓடினான். அதைச் சொல்ல வேண்டும். கேமராவை அப்படியே போட்டுவிட்டு ஓடினான். கரியப்பனைத் தூக்கிக் காய் ஏற்றுகிற வண்டியில் கிடத்தி, கிருஷ்ணகிரி ஆஸ்பத்திரி வரைக்கும் அவர் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டே போனான். வழியெல்லாம் ஆலங்கட்டி. தன் சட்டையைக் கழற்றி அவர் முகத்துக்கு மேல் பிடித்துக்கொண்டான். இடுப்பு எலும்பு முறிந்திருந்தது. கோல் ஊன்றி நடக்கலாம், மரம் ஏறுவதையெல்லாம் மறந்துவிடுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

"நீ இல்லன்னா என்ன ஆயிருக்கும் தம்பி" என்று ஒவ்வொருவராக வந்து அவன் கையைப் பிடித்தார்கள். நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போல இருந்தது அவனுக்கு.

இருந்தும் வீடியோவைப் போட்டான்.

[ஏன் போட்டான் என்பதற்கு ஒரு பத்தி எழுதிப் பார்த்தேன். குற்றவுணர்ச்சி, மரத்துப்போன மனம், அது இது என்று. எல்லாம் பொய். படம் நன்றாக வந்திருந்தது, போட்டான். நானே மூன்று தடவை பார்த்தேனே.]

விழுவதற்கு முன்னால் வெட்டிவிட்டான். அதில் அவன் குரல் இருந்தது, சாந்தம்மாவின் குரல் இருந்தது, அந்த 'சரிக்கா'வும் இருந்தது. சத்தத்தை எடுத்துவிட்டு இசையைப் போட்டான். இதுவரை அவன் போட்ட எதையும் அத்தனை பேர் பார்த்ததில்லை.

லாவண்யாவும் பார்த்தாள். "எம்மாடி! மேல இருக்கவரு எறங்கிட்டாராங்க?"

"ம்" என்றான் சுபாஷ்.

5

ஊர் சாந்தம்மாவைத்தான் பிடித்துக்கொண்டது. காய்க்கு ஆசைப்பட்டு ஆளைக் கொன்றிருப்பாளே என்றார்கள். தோப்புக்கு ஆள் வர மறுத்தார்கள். ஒருநாள் அவள் சுபாஷைக் கைபேசியில் கூப்பிட்டாள்.

"தம்பி, வெளிய தல காட்ட முடியலப்பா. மாதேஸ்வரி என் மூஞ்சியவே பாக்க மாட்டேங்கறா. கரியப்பன் சம்சாரம். நீ ஒருவாட்டி வந்து அவகிட்ட சொல்லேன். மேகம் திடீர்னு திரும்பிடுச்சு, மிஷினுக்கே தெரியலன்னு. நீ சொன்னா நம்புவாங்க."

"அக்கா..."

"தெரிஞ்சிருந்தா நீ சொல்லியிருக்க மாட்டியா? அது எனக்குத் தெரியாதா? அத்தத்தான் வந்து சொல்லுங்கறேன்."

பாருங்கள், அவள் அதை முழுசாக நம்புகிறாள். அந்தப் பொய்யைச் சொன்னால் அவள் பேர் தேறும், அவன் பேரும் தேறும். உண்மையைச் சொன்னால் அவள் பேர் மட்டும் தேறும். எழுதுகிற எனக்கே எச்சில் ஊறியது. இத்தனை வசதியான பொய் ஒரு கதையில் லேசில் அமையாது.

6

முடிவுகள்:

(அ) அவன் மாதேஸ்வரியின் காலில் விழுந்து உண்மையைச் சொல்கிறான். வெளியே மழை. அவள் அவனை மன்னிக்கிறாள். — போதும். இது அவன் வீடியோ போலவே இருக்கிறது. இசை மட்டும்தான் குறை.

(ஆ) பொய்யைச் சொல்கிறான். சாந்தம்மா கண்ணைத் துடைத்துக்கொள்கிறாள். மாதேஸ்வரி எல்லாருக்கும் டீ போடுகிறாள். இதை எழுதி முடித்தபோது எனக்கே நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதி எனக்குப் பிடிக்கவில்லை.

(இ) அவன் போகவே இல்லை. இதை அவனே செய்து பார்த்தான். ஓ.டி. இருக்கிறது, ஷிப்ட் மாறிவிட்டது என்றான். சாந்தம்மா விடாமல் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள்.

7

ஆகவே போனான். கரியப்பன் வீட்டுக் கட்டிலில் படுத்திருந்தார். அவனைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்து, முடியாமல் சிரித்தார்.

"வாப்பா வெதரு! அண்ணன் பையன் போன்ல காமிச்சான். ஊரு ஒலகமே என்னப் பாத்திருக்குதாமே? தமாசா இருக்குதுப்பா. கண்ணாலத்துக்குக்கூட என்ன ஒருத்தனும் ஒழுங்கா போட்டோ புடிக்கல."

சுபாஷுக்கு உட்காரத் தோன்றவில்லை. நின்றான். அந்த மனிதர் திட்டித் தொலைத்திருக்கலாம். மாதேஸ்வரி கதவோரம் நின்றிருந்தாள்.

"சொல்லு தம்பி" என்றாள் அவன் பின்னாலேயே உள்ளே வந்திருந்த சாந்தம்மா. "மேகம் திடீர்னு வந்துச்சுன்னு சொல்லு."

அவன் வழியெல்லாம் பைக்கில் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்த வாக்கியம்தான். "ஆமாக்கா, அது வந்து... மேகம்..."

"இருப்பா" என்றாள் மாதேஸ்வரி. குரலில் கோபம் இல்லை. "நானும் அந்தப் படத்தப் பாத்தன். எனக்கு ஒண்ணு மட்டும் வெளங்கல. திடீர்னு வந்த மேகம்ங்கறீங்க. அது இவரு தலைக்கு நேரா வர்ற எடத்துல நீ எப்பிடிப்பா முன்னாடியே கேமராவ நட்டு வெச்சிருந்த?"

கரியப்பனின் சிரிப்பு இன்னும் முகத்தில் இருந்தது. அதைப் போக்கிக்கொள்ள அவருக்குத் தெரியவில்லை.

நான் இதோடு நிறுத்திக்கொள்கிறேன். அவன் வாயில் ஒரு நல்ல வாக்கியத்தை வைத்துவிடுவேனோ என்று எனக்குப் பயமாக இருக்கிறது. இனி இது உங்கள் பாடு. ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். சாந்தம்மா இப்போதுதான் மெல்லத் திரும்பி அவன் முகத்தைப் பார்க்கிறாள். 'இன்னும் டைம் இருக்குக்கா' என்று அவன் சொன்னது அவளுக்கு நினைவு வருகிறது. அவளுக்குப் புரியத் தொடங்கிவிட்டது. அவள் முழுசாகப் புரிந்துகொள்வதற்குள் அவன் வாயைத் திறந்தால் உண்மையைச் சொன்னவன் ஆவான். அதற்குப் பிறகு திறந்தால் வெறுமனே மாட்டிக்கொண்டவன். ஒரு மூச்சு விடுகிற நேரம்தான் இருக்கிறது. அவனைச் சீக்கிரம் பேச வையுங்கள்.