ஒரு கரண்டி கிராம்பு எண்ணெய்

எங்கள் வார்னிஷின் அளவுகள் எழுதிய தாள் உலகத்திலேயே மூன்றுதான். ஒன்று என்னிடம், ஒன்று தம்பியிடம், ஒன்று கலவைக்காரரிடம். ஒருவர் தாளை இன்னொருவர் பார்க்கக் கூடாது. பட்டறையில் நான் போட்ட முதல் சட்டம் அது. இரண்டு வருடம் பீப்பாய் பீப்பாயாகக் காய்ச்சிக் கீழே கொட்டிக் கண்டுபிடித்த செய்முறை. கண்டவன் வாரிக்கொண்டு போக விட்டுவிடுவேனா?

யாருக்கும் தெரியாமல் இன்னொரு வேலையும் செய்திருந்தேன். கலவைக்காரர் தாளில், பீப்பாய்க்கு ஒரு கரண்டி யூக்கலிப்டஸ் தைலம் என்று சேர்த்து எழுதினேன். தம்பி தாளில் ஒரு கரண்டி கிராம்பு எண்ணெய். இரண்டாலும் வார்னிஷுக்கு நல்லதும் இல்லை, கெட்டதும் இல்லை. நாளைக்கு எவனாவது திருடினால், எந்தத் தாளிலிருந்து போனது என்று அதுவே காட்டிக்கொடுத்துவிடும். தம்பிக்குமா என்று கேட்பீர்கள். தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு. அதை அப்போது என் சாமர்த்தியம் என்றே நினைத்தேன்.

கலவைக்காரர் வேலையை விட்டு நின்ற நான்காம் மாதம், பாதி விலையில் ஒரு வார்னிஷ் கடைகளுக்கு வந்தது. அதே நிறம், அதே பளபளப்பு. எங்கள் ஆர்டர்கள் ஒவ்வொன்றாக நழுவின. இப்படியே போனால் பட்டறையை இழுத்து மூட வேண்டியதுதான். அந்த ஆள்தான், வேறு யார் என்று பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு டின்னை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினேன்.

முடிவு வந்தது. யூக்கலிப்டஸ் இல்லை. கிராம்பு எண்ணெய் இருந்தது.

வேலியே பயிரை மேய்ந்துவிட்டதே என்று தலைக்கேறிய கோபத்தோடு பின்கட்டுக்குப் போனேன். தம்பி வடிகட்டும் துணியைப் பிழிந்துகொண்டிருந்தான்.

“உன் தாள யார்கிட்டடா கொடுத்த?”

அவன் மறைக்கவில்லை. “கலவைக்காரர்கிட்ட. சேர்ந்த ரெண்டாவது நாளே அவரு தாள்ல டர்பன்டைன் கொட்டிடுச்சு. அவரு அத ஒருதரம்கூட ஒழுங்கா படிக்கல, அதுக்குள்ள எழுத்தெல்லாம் கரைஞ்சு போச்சு. உனக்குத் தெரிஞ்சா வேலைய விட்டு அனுப்பிடுவியோன்னு நடுங்கினாரு. மூணு குழந்தைங்கக்கா. என்னோடதப் பாத்து எழுதிக்கச் சொன்னேன்.” கொஞ்சம் நிறுத்தினான். “என்கிட்ட இருந்துதான் போச்சுன்னு உனக்கு எப்படித் தெரியும்?”

ஏறிய கோபம் ஏறிய வேகத்திலேயே இறங்கிவிட்டது. சமாளிக்க ஒரு பொய் தேடினேன், கிடைக்கவில்லை. ஆய்வு முடிவை அவன் கையில் கொடுத்தேன். கிராம்பு எண்ணெய் என்ற வரியில் அவன் விரல் நின்றது.

“இது உன் தாள்ல இல்லையா?”

“இல்லடா.”

“நான் தினமும் சொட்டு குறையாம அளந்து ஊத்தினேனே. சும்மாவா?”

எனக்கு அழுகை வந்தது. முதல் பீப்பாய் காய்ச்சியபோது எண்ணெய் தெறித்து வெந்துபோன கை அவனுடையது. அந்தக் கையைத்தான் நான் சந்தேகப்பட்டிருக்கிறேன்.

கலவைக்காரர் மேல் வழக்குப் போடப் போனபோது வக்கீல் சுற்றி வளைக்கவில்லை. “உங்க தம்பி சாட்சி சொன்னாதான் கேஸ் நிக்கும். தாள் யாரோடது, எதுக்காக மாத்தி எழுதினீங்க, எல்லாத்தையும் கோர்ட்ல சொல்லியாகணும்” என்றார்.

தம்பி சொன்னான். நான் முன்வரிசையில் உட்கார்ந்திருக்க, சாட்சிக் கூண்டில் நின்று, “அந்த வரி, நான் திருடினா என்னப் பிடிக்கிறதுக்காக அக்கா எழுதினது” என்று குரல் உடையாமல் சொன்னான். அந்த வார்னிஷை விற்கத் தடை வந்தது. பட்டறை பிழைத்தது. உங்க மூளையே மூளை என்று வக்கீல் என்னைப் பாராட்டினார். எனக்குச் செருப்பால் அடித்தது போல இருந்தது.

மறுநாள் காலை தம்பியைக் கூப்பிட்டு எதிரில் உட்கார வைத்து, என் தாளில் இருந்ததை வரி விடாமல் புதுத் தாளில் எழுதினேன்.

“இனிமே நம்ம ரெண்டு பேருக்கும் ஒரே தாள்தான்டா.”

அவன் வாங்கிக்கொண்டான். மேலிருந்து கீழே ஒரு முறை படித்தான், பிறகு இன்னொரு முறை. கோபமாகக்கூடக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டான்.

“இதுல எந்த வரிக்கா பொய்?”