உயிரோடு இருப்பவர்களின் கும்பிடு

தாளின் ஒரு பக்கம் முழுக்கக் கும்பிடுகளிலேயே தீர்ந்துவிட்டது.

"அண்ணன் மித்ரோபானுக்குத் தலையிலிருந்து தரைவரைக்கும் கும்பிடு. அண்ணிக்குக் கும்பிடு. ஞானத்தகப்பனுக்கும் அவங்க வீட்டுக்கும் கும்பிடு," என்று புரோகோர் சொல்லிக்கொண்டே போனான். சவேலி நாக்கைத் துருத்திக்கொண்டு எழுதினான். பழைய பட்டாளத்துக்காரன். அக்மோலின்ஸ்க் நகரத்தைத் தாண்டி இந்தப் புல்வெளியில் குடியேறியவர்களில் எழுதத் தெரிந்தவன் அவன் ஒருவன்தான்.

அவர்கள் விட்டுவந்த தாம்போவ் பக்கத்துக் குடியானவர் கடிதம் என்றால் இப்படித்தான். ஒரு பேர் விட்டுப்போனால் போதும், சொந்தத்துக்குள் பேச்சுவார்த்தை நின்றுவிடும். அனுப்புகிறவர்களின் பேரும் அதில் ஒவ்வொன்றாக வரவேண்டும். கும்பிடு சொன்னவர் உயிரோடு இருக்கிறார். சொல்லாதவர் செத்துவிட்டார், இல்லையென்றால் முகத்தைத் திருப்பிக்கொண்டார். இத்தனையும் எழுதி முடித்தபின் சேதி சொல்ல நாலு விரல் இடம்தான் மிஞ்சும்.

அந்த நாலு விரல் இடத்துக்காகத்தான் புரோகோரின் மனைவி உஸ்தினியா அடுப்போரம் காத்திருந்தாள். அவள் மகன் லூக்கா பனிக்காலத்தில் தொண்டை அடைத்துச் செத்துப்போனான். மண்குடிசைக்குப் பின்னால் அவர்களே குழிவெட்டிப் புதைத்தார்கள். இங்கே கோயிலும் இல்லை, பாதிரியாரும் இல்லை. ஊர்க்கோயிலில் அவன் பேரைச் சொல்லி அடக்கப் பாட்டுப் பாடி, ஜெபித்த மண் ஒரு பிடி அனுப்பினால் மேட்டில் தூவலாம். அதுவரை பிள்ளை போய்ச் சேராமல் வழியிலேயே நிற்கிறான் என்பது அவளுடைய தவிப்பு.

"லூக்கா விஷயத்தைச் சொல்லுய்யா," என்றாள்.

புரோகோர் அவள் பக்கம் திரும்பவில்லை. "எழுது சவேலி. நாங்களும் பிள்ளைங்க ரெண்டும் ஆண்டவர் கிருபையில சுகம். லூக்காவும் தெக்லாவும் எல்லாருக்கும் கும்பிடு சொல்றாங்க."

"டேய், செத்த பிள்ளை எப்படிடா கும்பிடு சொல்லும்?" என்றான் சவேலி.

"பட்டாளத்துல உன்னை எழுத வெச்சாங்களா, கேள்வி கேக்க வெச்சாங்களா? எழுது."

காரணம் உஸ்தினியாவுக்குத் தெரியும். ஊரைவிட்டு வண்டி கிளம்பிய அன்று மாமனார் தானிலோ ஆசி கொடுக்கவில்லை. "போ, பெத்ததையெல்லாம் அங்க கொண்டுபோய்ப் புதை," என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார். ஊரிலிருந்து வரும் கடிதங்களில் நண்டு சிண்டுகள்கூடக் கும்பிடு சொல்லும். அவர் கும்பிடு மட்டும் வந்ததே இல்லை. புரோகோர் ஒவ்வொரு முறையும் அதற்காகக் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பான்.

"கிழவன் வாய் பலிச்சிருச்சுன்னு நானே எழுதி அனுப்பணுமா?" என்றான்.

"உன் மானத்தைக் காப்பாத்த என் பிள்ளை குழியிலிருந்து கும்பிடு போடணுமா?"

புரோகோர் தாளை வாங்கி உறையில் போட்டு ஒட்டினான்.

அறுவடை முடிந்ததும் பதில் வந்தது. கூடவே லூக்காவுக்கு ஒரு சட்டை, கழுத்தில் சிவப்பு நூல் தையலோடு, வளரும் பிள்ளை என்று கொஞ்சம் பெரிதாகவே தைத்தது. ஞாயிறுதோறும் லூக்காவின் ஆயுளுக்காகக் கோயிலில் மெழுகுவர்த்தி ஏற்றுவதாக அண்ணி எழுதச் சொல்லியிருந்தாள். மண்ணுக்குள் கிடப்பவனுக்கு ஆயுள் கேட்கிறார்கள்! உஸ்தினியா சட்டையைச் சுருட்டிப் பெட்டிக்கு அடியில் தள்ளினாள். புரோகோரோ, அப்பாவின் கும்பிடு இந்தத் தடவையும் இல்லை என்று தெரிந்ததும் எழுந்து மாட்டைப் பார்க்கப் போய்விட்டான்.

அவன் கோதுமை ஏற்றிக்கொண்டு சந்தைக்குப் போன வாரம், அவள் எழுத்துக்கூலியாக முட்டைகளைத் துணியில் முடிந்துகொண்டு சவேலியிடம் போனாள். லூக்கா செத்ததைச் சொன்னாள், பாட்டும் மண்ணும் கேட்டாள். பிறகு ஒரு பேர் விடாமல் எல்லாருக்கும் கும்பிடு சொன்னாள், உஸ்தினியாவிடமிருந்தும் தெக்லாவிடமிருந்தும்.

"புரோகோர் பேரு, தாயி?"

"வேண்டாம்."

"விளையாடாத. அவன் பேரு இல்லேன்னா அங்க சாவு மணி அடிச்சிருவாங்க."

"அடிக்கட்டும் அண்ணே. உசிரோட இருக்கிறவங்க கும்பிடுதான் அதுல வரணும். அந்தக் கடிதம் எழுதின அன்னைக்கே எனக்கு அவன் செத்துட்டான்."

சவேலி அவள் முகத்தை ஒருமுறை பார்த்தான். பிறகு தாளை மடித்தான்.

பனி உருகி வழி திறந்தபோது பொதி வந்தது. உள்ளே இரண்டு துணி முடிச்சுகள், இரண்டிலும் மண். புரோகோரும் இருந்தான். சவேலி திக்கித் திக்கிப் படித்தான்:

"உஸ்தினியா, உன் வாயால் சொல்ல முடியாததை நாங்கள் புரிந்துகொண்டோம். புரோகோருக்கும் லூக்காவுக்கும் சேர்த்தே அடக்கப் பாட்டுப் பாடியாயிற்று. அப்பா கோயில் தரையில் விழுந்து அழுதார். மகன் புரோகோருக்கு அப்பா தானிலோவின் ஆசியும், தலையிலிருந்து தரைவரைக்கும் கும்பிடும்."

அடி விழும் என்று உஸ்தினியா பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். விழவில்லை.

"கடைசி வரியைத் திரும்பப் படி," என்றான் புரோகோர். சவேலி படித்தான். "இன்னொரு தரம்." அதையும் படித்தான். பேனாவை எடுத்து, "இப்பவே ரெண்டு வரி போட்டுருவோம்டா, உசிரோட இருக்கேன்னு," என்றான்.

"வேண்டாம்."

"உனக்குப் புத்தி கித்தி பிசகிருச்சா?"

"உசிரோட இருக்கேன்னு தெரிஞ்சா அதைத் திரும்ப வாங்கிக்குவாரு."

எந்த முடிச்சு யாருக்கு என்று எழுதியிருக்கவில்லை. உஸ்தினியா ஒன்றை எடுத்துப்போய் மகனின் மேட்டில் தூவினாள், சிலுவை போட்டாள், ஒரு வருஷமாக அடக்கிவைத்ததையெல்லாம் வாய்விட்டு அழுது தீர்த்தாள். திரும்பி வந்து மற்ற முடிச்சைத் தேடினாள். அது புரோகோரின் சட்டைக்குள் இருந்தது. அவள் கேட்கவில்லை, அவனும் கொடுக்கவில்லை.

பதில் எழுதாமல் இருக்க முடியாதே. மறுநாள் அவனே சவேலி பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு பேராகச் சொன்னான். "முதல்ல அப்பாவுக்கு. தகப்பனார் தானிலோவுக்கு, தலையிலிருந்து தரைவரைக்கும், மருமகள்..." என்று தொடங்கியவன் அந்தச் சொல்லை அடிக்கச் சொன்னான்.

"விதவைன்னு போடு. விதவை உஸ்தினியாவின் கும்பிடு."