விரல் பட்டால் நின்றுவிடும்

தம்பியின் மேசையைத் துடைக்கப் போன அக்கா, துடைக்காமல் அவன் நாற்காலியிலேயே உட்கார்ந்துவிட்டாள். மேசைமேல் நான்கு ஃபேடர்கள் கிடந்தன. ஒரு பாட்டின் ஒவ்வொரு சத்தத்தையும் ஏற்றி இறக்குகிற தள்ளுகட்டைகள் அவை. ஆனால் இந்த வகை கை படாமலே ஓடும். ஒவ்வொன்றின் வயிற்றிலும் ஒரு குட்டி மோட்டார், ஒரு மெல்லிய பெல்ட். கடையில் முழுப் பெட்டியாக விற்பது யானை விலை என்று பாகங்களாக வாங்கிப் போட்டு, "நானே செய்றேன் பாரு" என்று வருஷக்கணக்காக ஜம்பம் அடித்துக்கொண்டிருந்தான். ஒரு காலையில் குளியலறையில் விழுந்தான். எழுந்திருக்கவில்லை.

அன்றைக்கு வீட்டில் எல்லாரும் அவன் கையைத் தொட்டுக்கொண்டு அழுதார்கள். அக்கா மட்டும் தெருமுனையில் நின்று அமரர் ஊர்தி வண்டிக்காரருக்குப் போனில் வழி சொல்லிக்கொண்டிருந்தாள். திரும்பி வருவதற்குள் துணி போர்த்திக் கட்டிவிட்டார்கள். யாரையும் குறை சொல்ல முடியாது. யாராவது ஒருத்தர் வழி சொல்லித்தான் ஆகவேண்டும். அதற்குப் பிறகு அவளுக்கு அழுகையும் வரவில்லை, தூக்கமும் கெடவில்லை. வேலைக்குப் போனாள், வந்தாள், சாப்பிட்டாள். எல்லாம் பக்கத்து வீட்டில் யாருக்கோ நடப்பதுபோல் இருந்தது.

தம்பியின் கூட்டாளி ஒருவன் உண்டு. கீபோர்டு வாசிப்பான், பாட வாயைத் திறந்தால் மட்டும் எல்லாரும் காதைப் பொத்திக்கொள்வதால் 'சுருதி' என்று பெயர் ஒட்டிக்கொண்டது. துக்கம் கேட்க வந்தவன், பேச ஒன்றும் கிடைக்காமல் இதைச் சொன்னான்:

"அவன் கடைசியா ஸ்டுடியோவுல ஒரு பாட்டு மிக்ஸ் பண்ணான்ல அக்கா, அந்த ஃபைல் என்கிட்ட இருக்கு. அவன் கை எங்க ஏறிச்சு, எங்க இறங்கிச்சு, எல்லாம் அதுல பதிஞ்சிருக்கு. இந்தப் பெட்டி மட்டும் வேலை செஞ்சா, ஃபேடர் அவன் தள்ளின மாதிரியே தானா ஓடும்."

"நான் விரல் வச்சா, அவன் விரலோட சேர்த்து வச்ச மாதிரி இருக்குமா?"

சுருதி யோசிக்காமல் தலையாட்டினான். துக்க வீட்டில் வேறு எப்படி ஆட்டுவது?

அன்று மாலையே அவள் சால்டரிங் கம்பியைச் சூடாக்கினாள். அவளுக்குப் பல் லேபில் வேலை. செயற்கைப் பல் செய்கிறவள். கடுகளவு இடத்தில் கை நடுங்காமல் வேலை செய்வது பழக்கம்தான். சுருதி ஞாயிற்றுக்கிழமைகளில் லேப்டாப்போடு வந்து, மோட்டார்களை ஓட்டும் சர்க்யூட் போர்டுக்குள் புரோகிராம் ஏற்றினான்.

முதல்முறை கரண்ட் கொடுத்தபோது முதல் ஃபேடர் படாரென்று கீழே போய் முட்டிக்கொண்டு 'டர்ர்' என்று கத்தியது.

"மேல போன்னா கீழ போகுது," என்றான் சுருதி. "அப்படியே வாங்கிப் போட்டவன் புத்தி."

அவள் சிரிக்கவில்லை. மோட்டாருக்குப் போகும் இரண்டு ஒயரையும் இடம் மாற்றி வைத்தாள். சரியாகிவிட்டது.

அடுத்த தொல்லை ஃபேடரைத் தள்ளும் பிடியில் வந்தது. பெட்டி விரலை உணர வேண்டுமென்றால் பிடி உலோகமாக இருக்கவேண்டும். தம்பி வாங்கி வைத்திருந்ததோ பிளாஸ்டிக். லேபில் உணவு இடைவேளையில் மெழுகில் நான்கு பிடி செதுக்கி, பல்லுக்கு உறை வார்க்கும் உலோகத்திலேயே வார்த்தெடுத்தாள். ஒவ்வொன்றுக்கும் அடியில் ஒரு மெல்லிய ஒயர் வைத்துப் போர்டோடு இணைத்தாள்.

அப்பா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு எட்டிப் பார்த்தார். "என்னம்மா, பாட்டுக்குப் பல்லு கட்டுறியா?"

"ஆமாப்பா."

"எனக்குக் கட்டினது ஆடுது. அதைப் பார்க்க உனக்கு நேரமில்லை."

"நாளைக்குப் பார்க்கறேம்பா."

மழை விட்ட ஒரு ஞாயிறு பிற்பகல் பெட்டி தயாரானது. சுருதி பாட்டை ஓடவிட்டான். நான்கு பிடிகளும் மேசைமேல் தாமாக அசைந்தன. வயலின் பிடி சோம்பலாக ஏறியது. குரலின் பிடி, பாடுகிறவள் வாயைத் திறப்பதற்கு ஒரு மூச்சு முன்னாலேயே மெல்ல நகர்ந்தது. அக்கா கொஞ்சநேரம் பார்த்தாள். பிறகு சுட்டுவிரலை அதன்மேல் வைத்தாள்.

பிடி செத்துப்போனதுபோல் நின்றது. விரலுக்கடியில் ஒன்றுமே இல்லை, வெறும் வழவழப்பு. பாட்டில் குரல் வயலினுக்கு அடியில் போய் அமுங்கியது.

"ஐயோ அக்கா, கையை எடுங்க! அவன் பதிஞ்சதை அழிச்சு எழுதுது!"

சுருதி பாய்ந்து பாட்டை நிறுத்தி, பழையபடி மாற்றினான். நெற்றி வேர்த்துவிட்டது. "நல்லவேளை. தப்பு என் மேலதான், ரெக்கார்டுலயே விட்டுட்டேன். இப்ப பூட்டிட்டேன்."

"நான் தொட்டதும் ஏன் நின்னுச்சு?"

"அது அப்படித்தான் அக்கா. மனுஷன் கை பட்டா மோட்டார் விட்டுடணும். அதுக்குத்தானே அந்த ஒயரு. இல்லன்னா ரெண்டும் மல்லுக்கட்டும்."

அவள் பெட்டியைக் கவிழ்த்தாள். குரல் பிடிக்குப் போகும் ஒயரை, தானே பற்றவைத்ததை, வெட்டுக்குறட்டால் துண்டித்தாள்.

"இப்ப அதுக்கு நான் தொடறது தெரியாது."

"தெரியாது. ஆனா இறுக்கிப் பிடிச்சா மோட்டார் கருகிடும். கூடவே போங்க."

மறுபடி பாட்டு ஓடியது. விரலை வைத்தாள். இந்தமுறை பிடி அவள் விரலைத் தள்ளியது. மேலே கொண்டுபோனது, நின்றது, கொஞ்சம் இறக்கியது, மறுபடி தள்ளியது. அவள் கூடவே போனாள். எல்லாத் தள்ளலும் ஒரே அழுத்தம். அவசரத்துக்கும் அதே, தயக்கத்துக்கும் அதே.

"இவ்வளவு அழுத்தியா தள்ளுவான்?"

சுருதி திரையைப் பார்த்தபடி சொன்னான்: "இல்லக்கா. அவன் தள்ளுறது தெரியவே தெரியாது. எங்க போச்சுங்கறது மட்டும்தான் ஃபைல்ல இருக்கு. எப்படி அழுத்தினான்னு அதுக்குத் தெரியாது. இது மோட்டாரோட பலம்." பிறகு குரலைத் தாழ்த்தினான். "அன்னிக்கே சொல்லியிருக்கணும்."

"சரி," என்றாள். விரலை எடுக்கவில்லை. பாட்டு தேய்ந்து அடங்கும்போது பிடி கடைசிவரை இறங்கி நின்றது. விரலும் அங்கேயே நின்றது.

உள்ளறையிலிருந்து அப்பா குரல் கொடுத்தார். "முடிஞ்சிடுச்சா?"

"முடிஞ்சிடுச்சுப்பா."

சுருதி லேப்டாப்பை மூடப்போனான். "அவன் மாதிரி இருந்துச்சா அக்கா?"

"மோட்டார் மாதிரிதான் இருந்துச்சு."

சுருதி லேப்டாப் மூடியைப் பாதியில் விட்டான்.

"எங்கெங்க போனான்னாவது தெரியுதே," என்றாள். "மறுபடி போடு."

அவன் போட்டான். பாடுகிறவளின் குரல் வர இன்னும் நேரமிருந்தது. அவள் இப்போதே பிடிமேல் விரலை வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.